கல்லூரிக்குச் சென்ற தந்தை

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்னும் பழமொழி ஒலிக்காத தமிழ் வீடு அரிது. சிறுவரை அடக்கவும் முதியவரை ஒதுக்கவும் ஒருங்கே பயன்படும் மொழி அது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் கூறும்போது 'இப்போதே படி' என்பது அதன் பொருள். ஐம்பது வயதினரிடம் கூறும்போது 'இனி உமக்கு எதற்குப் படிப்பு' என்பது அதன் பொருள். இவ்விரண்டாம் பொருளைத் தலைகீழாக்கி நகைச்சுவை விளைவித்த திரைப்படம் ஒன்றைக் கன்னடத் திரையுலகம் அளித்தது. 'காலேஜ் குமார்' என்பது அதன் பெயர்.

அப்படம் கன்னடத்தில் 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெளிவந்தது. ஹரி சந்தோஷ் இயக்கிய அதில் விக்கி வருண் மகனாகவும் பி. ரவிசங்கர் தந்தையாகவும் நடித்தனர். பின்னர் அதே இயக்குநர் அக்கதையைத் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தார். அவை 2020 மார்ச் 6ஆம் நாள் திரைக்கு வந்தன. மகனாக ராகுல் விஜயும் தாயாக மதுபாலாவும் நடிக்க, தந்தை வேடத்தைத் தமிழில் பிரபுவும் தெலுங்கில் ராஜேந்திர பிரசாத்தும் ஏற்றனர். மொழிகள் மூன்றாயினும் கதை ஒன்றே.

கதையின் தொடக்கம் எளிது. பட்டயக் கணக்கர் அலுவலகம் ஒன்றில் கடைநிலை ஊழியராகப் பணிபுரிகிறார் ஒருவர். பெரும் படிப்பு இல்லாதவர். தமக்கு நேர்ந்த அவமதிப்பு ஒன்று அவர் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. தம் மகனைப் பட்டயக் கணக்கராக்கியே தீர்வது என அவர் உறுதி பூணுகிறார். மகன் வளர்கிறான், கல்லூரியிலும் சேர்கிறான். ஆயினும் தந்தையின் உறுதி மகனுடைய உறுதியாக மாறவில்லை. தேர்வு தொடர்பான குற்றச்சாட்டு ஒன்றில் சிக்கி அவன் கல்லூரியை விட்டு நீங்க நேர்கிறது. வீட்டில் பூசல் வெடிக்கிறது. படிப்பது அவ்வளவு எளிதென்றால் தந்தையே படித்துக் காட்டட்டும் என்று மகன் அறைகூவல் விடுக்கிறான். தந்தையும் அதனை ஏற்றுக்கொள்கிறார். தந்தை கல்லூரிக்குச் செல்கிறார். குடும்பப் பொறுப்பு மகன் தோளில் ஏறுகிறது.

படத்தின் பெயரிலேயே ஒரு குறும்பு உண்டு. குமாரன் என்னும் சொல் மகனையும் குறிக்கும், இளைஞனையும் குறிக்கும். கல்லூரிக்குச் செல்லும் குமாரன் என்றால் எவரும் மகனையே எண்ணுவர். கதையின் நடுவில் அப்பெயர் நரைத்த தலைக்கு உரியதாகிவிடுகிறது. கன்னடப் படத்தின் நடிகர் தேர்விலும் அதே குறும்பைக் காணலாம். ரவிசங்கர், 'கெம்பேகவுடா' முதலிய படங்களில் முழங்கும் குரலும் உருட்டும் விழியுமாகக் கொடியவர் வேடம் ஏற்று மக்களை நடுங்கவைத்தவர். அத்தகையவர் புத்தகப் பையுடன் வகுப்பறை வாயிலில் நிற்பதைக் கண்டாலே சிரிப்பு வரும். தமிழில் பிரபுவின் கனிந்த முகம் வேறு வகையான சிரிப்பை வரவழைக்கிறது. அதில் அச்சம் குறைவு, இரக்கம் மிகுதி.

முதியவர் ஒருவர் வகுப்பறையில் அமர்ந்தால் அது ஏன் நகைப்பிற்கு உரியதாகிறது என்பது எண்ணிப்பார்க்கத் தக்கது. தொண்ணூறு வயதினர் கோயில் படிகளில் ஏறினால் எவரும் சிரிப்பதில்லை, கைகூப்புவர். எழுபது வயதினர் வயலில் இறங்கினால் எவரும் சிரிப்பதில்லை, உழைப்பைப் போற்றுவர். ஐம்பது வயதினர் மேசையின்மேல் குறிப்பேட்டை விரித்தால் மட்டும் உதடுகள் வளைகின்றன. கல்வி என்பது பருவத்தோடு முடிந்துவிடும் ஒரு சடங்கு என்னும் எண்ணமே இச்சிரிப்பின் ஊற்று. காது குத்தும் வயது, பள்ளிக்குச் செல்லும் வயது, மணம் செய்யும் வயது என வாழ்க்கைக்கு வரிசை வகுத்த சமூகம், வரிசை மாறி நிற்பவரைக் கண்டு நகைக்கிறது.

'காலேஜ் குமார்' இந்நகைப்பைத் தயங்காமல் பயன்படுத்திக்கொள்கிறது. அதனைக் குறை என்று கூறிவிட இயலாது; நகைச்சுவைப் படத்திற்கு அதுவே தொழில். அச்சிரிப்பினூடே அது வலிமையான உண்மை ஒன்றையும் சொல்கிறது. இடம் மாறும் வரை தந்தைக்கும் மகனுக்கும் மற்றவர் வேலை எளிதாகவே தோன்றுகிறது. உட்கார்ந்து படிப்பதில் என்ன துன்பம் என்பது தந்தையின் எண்ணம்; மாதம் பிறந்தால் சம்பளம் வருவதில் என்ன துன்பம் என்பது மகனின் எண்ணம். ஒரு கணக்குப் பாடம் மனத்தில் நிற்காமல் நழுவும் வலி ஒருவருக்கும், அரிசி விலையும் வீட்டு வாடகையும் ஒன்றையொன்று துரத்தும் வலி மற்றவருக்கும் அதன்பின் புரியத் தொடங்குகின்றன. மதிப்பெண் பட்டியலில் கையொப்பமிடும் நாளன்று இவ்வலிகளைப் பற்றி எந்த வீட்டிலும் பேச்சு எழுவதில்லை.

படம் தொட்டும் தொடாமலும் விட்டுச்செல்லும் வினா ஒன்று உண்டு. பட்டயக் கணக்கராக வேண்டும் என்னும் ஆசை உண்மையில் யாருடையது? அது தந்தையின் ஆசை. அவமதிப்பு நேர்ந்தது அவருக்கு; அந்தப் படிப்பின் மதிப்பை நாள்தோறும் கண்ணால் கண்டவரும் அவரே. தணிக்கை அலுவலகங்களில் பயிற்சி பெறும் மாணவர்கள் எப்போதும் இருப்பர். பேரேடுகளைப் புரட்டுவதும், பற்றுச்சீட்டுகளைச் சரிபார்ப்பதும், தேர்வு நெருங்கும்போது விடுப்பெடுத்துப் படிப்பதும் அவர்கள் வழக்கம். அவர்களுக்குத் தேநீரும் கோப்பும் கொண்டுசெல்லும் ஊழியர், தம் மகன் வயதினர் ஆண்டுதோறும் கணக்கராகி வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். அத்தகையவர் நெஞ்சில் ஆசை முளைப்பது இயல்பு. அவ்வாசைக்குத் தம் பெயரை அவர் ஏன் சூட்டவில்லை என்பதே வினா.

சட்டம் அவரைத் தடுக்கவில்லை. இந்தியப் பட்டயக் கணக்கர் நிறுவனம் 1949ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் தேர்வுகளுக்கு உயர் வயது வரம்பு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் அடிப்படைத் தேர்வில் தொடங்கி இடைநிலை, இறுதி எனப் படிப்படியாக ஏறலாம். இடையில் பயிற்சிக் காலத்தையும் நிறைவு செய்ய வேண்டும். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவருக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் உள்ளது. பதினான்கு வயது நிரம்பிய எவரும் அங்குப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். மேல் வரம்பு கிடையாது. வழி நீளமானது, கரடுமுரடானது, ஆயினும் அடைக்கப்பட்டதன்று. படத்தில் வரும் தந்தையைப் போன்றவர்கள் அவ்வழியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. தமக்கு வயதாகிவிட்டது என்று தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டு, நிறைவேறாத ஆசையைப் பிள்ளையின் பெயரில் எழுதிவைத்துவிடுகின்றனர். வீடும் நிலமும் பிள்ளைக்குச் சொத்தாகலாம். ஆசையைச் சொத்தாக வைத்தால் அது பிள்ளைக்குக் கடனாகிறது.

அந்நிலையில் மகன் விடுக்கும் அறைகூவலைத் திமிர் என்று மட்டும் கொள்ளலாகாது. தன் தோளில் ஏற்றப்பட்ட சுமையை உரியவரிடமே அவன் திருப்பிக் கொடுக்கிறான். அவன் பேச்சில் பணிவு இல்லை என்பது உண்மை. பெரியோரை எதிர்த்துப் பேசுவதைப் பண்பாடு ஏற்பதில்லை என்பதும் உண்மை. எனினும் அப்பேச்சு எழாதிருந்தால் தந்தை ஒருநாளும் வகுப்பறையைக் கண்டிருக்கமாட்டார்.

தமிழில் இதற்கு முன்பே வந்த 'அம்மா கணக்கு' இவ்வகையில் ஒப்புநோக்கத் தக்கது. அசுவினி ஐயர் திவாரி இந்தியில் இயக்கிய 'நில் பட்டே சன்னாட்டா' என்னும் படத்தை அவரே தமிழில் மீண்டும் இயக்கினார். இரண்டும் 2016ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. தமிழில் அமலா பால் தாயாகவும், ரேவதி அத்தாய் வேலை செய்யும் வீட்டின் தலைவியாகவும், சமுத்திரக்கனி கணக்கு ஆசிரியராகவும் நடித்தனர். வீட்டு வேலை செய்து பிழைக்கும் தாய்க்குத் தன் மகள் பெரும் படிப்புப் படிக்க வேண்டும் என்பது கனவு. வீட்டு வேலை செய்பவளின் மகள் வீட்டு வேலைதான் செய்வாள் என்பது மகளின் முடிவு. கணக்குப் பாடத்தில் மகள் தேறவேண்டும். தனிப்பயிற்சிக்குப் பணம் இல்லை. ஆகவே தாய் மகள் படிக்கும் பத்தாம் வகுப்பிலேயே சேர்ந்துவிடுகிறாள். மகளுக்கு நாணம் தாங்கவில்லை. அங்கும் ஒரு பந்தயம் எழுகிறது: கணக்கில் தாயைவிட மகள் கூடுதல் மதிப்பெண் பெற்றால் தாய் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடவேண்டும்.

அமலா பால் ஏற்ற அத்தாய், வகுப்பில் முதன்முதலாக ஒரு கணக்கின் விடையைக் கண்டறியும் மகிழ்ச்சி 'காலேஜ் குமார்' காட்டும் எந்த வெற்றியைவிடவும் மேலானது. ஏனெனில் அம்மகிழ்ச்சி பந்தயத்தைச் சாராதது. கற்றலின் இன்பம் அங்கே சற்று நேரம் தனித்து நிற்கிறது. எனினும் அத்தாயும் தனக்காகப் பள்ளிக்கு வந்தவள் அல்லள், மகளுக்காக வந்தவள். தந்தை மகனை வெல்ல வருகிறார். தாய் மகளைத் திருத்த வருகிறாள். 'எனக்குக் கற்க விருப்பம், ஆதலால் வந்தேன்' என்று கூறும் உரிமையை இவ்விரு படங்களும் பெற்றோருக்கு வழங்கவில்லை. இதுவே இப்படங்களின் பெருங்குறை எனலாம்.

அமெரிக்கத் திரையுலகிலும் இக்கதை பழையது. 1986ஆம் ஆண்டு வெளிவந்த 'பேக் டு ஸ்கூல்' படத்தில் பெருஞ்செல்வரான தந்தை, கல்லூரியில் மனம் சோர்ந்த மகனுக்குத் துணையாகத் தாமும் மாணவராகச் சேர்கிறார். 2018ஆம் ஆண்டின் 'லைஃப் ஆஃப் தி பார்ட்டி' சற்றே மாறுபட்டது. கணவர் மணமுறிவு கேட்டபின், இளமையில் இடையில் விட்ட பட்டப்படிப்பை முடிப்பதற்காக ஒரு தாய் தன் மகள் பயிலும் கல்லூரிக்கே திரும்புகிறாள். அப்படத்தின் ஆரவாரங்கள் பலவும் சலிப்பூட்டுபவை. ஆயினும் தாய் தன் படிப்பைத் தனக்காகவே முடிக்கிறாள் என்னும் ஒன்றில் அது மற்றவற்றை விஞ்சி நிற்கிறது.

திரையை விட்டு வெளியே வந்தால் காட்சி மாறுகிறது. 'காலேஜ் குமார்' தமிழில் வெளிவந்த இரண்டாம் நாள், அதாவது 2020 மார்ச் 8ஆம் நாள், குடியரசுத் தலைவர் கேரளத்து மூதாட்டி கார்த்தியாயினி அம்மாவுக்குப் பெண் ஆற்றல் விருது வழங்கினார். ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த அவர், 2018ஆம் ஆண்டு தம் 96ஆம் வயதில் கேரள அரசின் எழுத்தறிவுத் தேர்வை எழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றவர். வாழ்நாள் முழுவதும் கூலிவேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். தம் மகள் பிற்காலத்தில் படித்துத் தேர்ந்ததைக் கண்டே அவருக்கும் படிக்கும் ஆவல் பிறந்தது. பிள்ளையைப் பார்த்துத் தாய்க்கு ஆசை வந்தது. பிள்ளைமீது தாய் ஆசையைச் சுமத்தவில்லை. கென்யா நாட்டின் கிமானி மருகே என்னும் முதியவர் 2004ஆம் ஆண்டு தம் 84ஆம் வயதில் முதல் வகுப்பில் சேர்ந்தார். விவிலியத்தைத் தாமே படிக்க வேண்டும் என்பது அவர் விருப்பங்களுள் ஒன்று. இதில் பந்தயம் ஏது?

ஒடிசாவில் 2020ஆம் ஆண்டு ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் 64 வயதில் நுழைவுத் தேர்வில் தேறி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அத்தேர்வுக்கான உயர் வயது வரம்பு 2022ஆம் ஆண்டு முற்றிலும் நீக்கப்பட்டது. அறுபதைக் கடந்தவருக்கு மருத்துவ இடம் தரலாமா, நெடுங்காலம் பணியாற்றக்கூடிய ஓர் இளைஞரின் வாய்ப்பு அதனால் பறிபோகாதா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியை ஒதுக்கிவிட இயலாது. இடங்கள் குறைவாகவும் போட்டி மிகுதியாகவும் உள்ள படிப்புகளில் அது நேர்மையான கேள்வியே. ஆனால் பெரும்பாலான படிப்புகள் அத்தகையன அல்ல. தொலைநிலைக் கல்வியில் ஒரு முதியவர் வரலாறு பயின்றால் எந்த இளைஞரின் நாற்காலியும் குறைவதில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985 முதல் இயங்கிவருகிறது. கர்நாடகத்திற்கென மைசூருவில் ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1996இல் தோன்றியது. தமிழ்நாட்டிற்கு 2002இல் ஒன்று அமைந்தது.

பெங்களூருக்கு இவ்வகையில் தனி மரபே உண்டு. இந்துஸ்தான் வானூர்தித் தொழிற்சாலை 1940இலும், தொலைபேசித் தொழிற்சாலை 1948இலும், கைக்கடிகாரத்தால் புகழ்பெற்ற எச்.எம்.டி. 1953இலும், பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1954இலும் இங்குத் தோன்றின. அவற்றை நம்பிப் பல ஊர்களிலிருந்தும் தொழிலாளர் குடியேறினர். தமிழரும் திரளாக வந்தனர். பகலில் பணி செய்வோருக்கென நகரில் மாலைக் கல்லூரிகள் நடந்தன, இன்றும் நடக்கின்றன. பணி முடிந்து, எண்ணெய்க் கறை போகக் கைகழுவி, பேருந்தில் நின்றவாறே பாடம் ஓதி, மாலை வகுப்பிற்கு விரைந்தவர்களை இந்நகரம் நன்கு அறியும். அவர்களுள் மணமானவரும் உண்டு, பிள்ளை பெற்றவரும் உண்டு. பகல் கல்லூரியில் ஒரு தந்தை நுழைந்தால் நகைச்சுவை. மாலைக் கல்லூரியில் நுழைந்தால் அது அன்றாடம். அங்கே அருகில் அமர்ந்தவரும் களைத்தவரே. சிரிப்பதற்கு எவருக்கும் நேரமில்லை.

அந்த மாலை வகுப்புகளைக் களமாகக் கொண்டு ஒரு படம் எடுத்திருந்தால் பந்தயமும் தேவைப்பட்டிருக்காது, பாட்டும் கூத்தும் தேவைப்பட்டிருக்காது. அப்படம் ஓடியிருக்குமா என்பது வேறு கேள்வி.

'காலேஜ் குமார்' திரைக்கு வந்த சில நாள்களிலேயே பெருந்தொற்றால் திரையரங்குகள் மூடப்பட்டன, பள்ளிகளும் மூடப்பட்டன. அதன்பின் நேர்ந்தது எந்தத் திரைக்கதையாசிரியரும் எண்ணிப்பாராதது. வகுப்பறைகள் கைப்பேசிக்குள் புகுந்து வீட்டுக் கூடத்திற்கே வந்துவிட்டன. ஒரே கைப்பேசி உள்ள வீட்டில் தாயோ தந்தையோ பிள்ளையின் அருகில் அமர்ந்து பாடம் முழுவதையும் கேட்க நேர்ந்தது. சமையலுக்கிடையே ஒளிச்சேர்க்கையைக் கேட்ட தாயரும், வேலையிழந்த கவலைக்கிடையே பின்னக் கணக்கைக் கேட்ட தந்தையரும் பலர். 'இது இவ்வளவு கடினமா?' என்று பிள்ளையின் முகத்தை அவர்கள் புதிதாகப் பார்த்தனர். பள்ளி திறந்தபின் அப்பார்வை எத்தனை வீடுகளில் நிலைத்தது என்பது அந்தந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியும்.

பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களில் இக்கதைக்கு இன்னொரு வடிவமும் உண்டு. அல்சூரிலும் மர்பி டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலும் பிறந்து, கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பயின்று வளர்ந்த பெற்றோர் பலர். அவர்களுக்குத் தமிழ் நாவில் உண்டு, கையில் இல்லை. வீட்டில் பேசுவதும், கோயிலில் பாடுவதும், சந்தையில் பேரம் பேசுவதும் தமிழிலேயே. தமிழ்ச் செய்தித்தாளை விரித்தாலோ எழுத்துகள் கோலமாகத் தெரியும். பிள்ளை பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாக எடுத்துக்கொள்ளும்போது பயிற்சி நூல் ஒன்று வீட்டுக்குள் வருகிறது. பிள்ளைக்கு உதவவேண்டிய பெற்றோர் முதலில் உதட்டைப் பிதுக்குகின்றனர். பின்னர், பிள்ளை உறங்கிய பிறகு, அந்நூலை எடுத்து ணகரத்திற்கும் னகரத்திற்கும் உள்ள வேறுபாட்டை விரலால் மேசையில் வரைந்து பார்க்கின்றனர்.

இவர்களை எவரும் கல்லூரிக்கு அனுப்பவில்லை. இவர்களிடம் எவரும் பந்தயம் கட்டவுமில்லை. பிள்ளைக்காகத் தொடங்கிய முயற்சி சில வாரங்களில் வேறொன்றாக மாறுவதும் உண்டு. பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியுள்ள தமிழ்ச் சுவரொட்டியை நின்று படிப்பவர் பிள்ளைக்காகப் படிப்பதில்லை. ஊரிலுள்ள மூத்த அக்காளுக்குத் தம் கையாலேயே நான்கு வரி எழுதுபவரும் பிள்ளைக்காக எழுதுவதில்லை. பிழை மலிந்த அந்நான்கு வரிகளை மறுநாள் காலை பிள்ளை பார்த்துவிட்டுச் சிரிக்கிறது. பிறகு சிவப்பு மையால் திருத்தித் தருகிறது.